வீட்டில் இல்லை: ஆங்கிலத்தின் 'இன்' முன்னொட்டும் அதன் இரண்டு பிறவிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மொழிக்கல்விக்கென நிறுவப்பட்ட ஓர் அறக்கட்டளையின் மேடையில், இரண்டே எழுத்து கொண்ட ஓர் ஆங்கில முன்னொட்டுக்கு முழு உரையையும் ஒதுக்குவது அளவுக்கு மீறியதாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த முன்னொட்டு புதியதன்று. ஆங்கில வினாத்தாளில் முன்னொட்டு சேர்த்து எதிர்ச்சொல் எழுதும் கேள்வி அவர்களுக்குப் பழகிய ஒன்று. 'கரெக்ட்' என்றால் 'இன்கரெக்ட்', 'பாசிபிள்' என்றால் 'இம்பாசிபிள்', 'லீகல்' என்றால் 'இல்லீகல்', 'ரெகுலர்' என்றால் 'இர்ரெகுலர்' என்று பட்டியலை உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் சொல்லித் தரப்படுவதில்லை. அது தெரிந்துவிட்டால் பட்டியலை உருப்போட வேண்டியதில்லை என்பதும், அதைப் புரிந்துகொள்ளும் கருவிகள் தமிழ் மாணவரின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதும் இவ்வுரையின் வாதம்.

டேங்கர் லாரியின் பின்புறம்

நெடுஞ்சாலையில் பெட்ரோல் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரியின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று பெரிய எழுத்துகளில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 'இன்' என்றால் 'இல்லை' என்று மட்டும் படித்த மாணவர் இதை எப்படிப் பொருள் கொள்வார்? 'ஃப்ளேம்' என்றால் தீச்சுடர். அப்படியானால் இது தீப்பற்றாத பொருள் என்றுதான். உள்ளே இருப்பது பெட்ரோல் என்று தெரிவதால் அவர் தப்பித்துக்கொள்கிறார். பட்டறையின் மூலையில், பெயர் தெரியாத கரைப்பான் அடைத்த தகர டப்பாவில் அதே சொல் இருந்தால் நிலைமை வேறு.

இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இந்தக் குழப்பத்தை எண்ணியே 1920களில் 'இன்ஃப்ளேமபிள்' என்பதை விட்டுவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதும்படி வலியுறுத்தத் தொடங்கியது. பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனமும் 1959இல் அதே பரிந்துரையைச் செய்தது. 'ஃப்ளேமபிள்' 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் தலைகாட்டியிருந்தும் அதிகம் புழங்காமல் கிடந்த சொல். உயிர்களைக் காப்பாற்றுவதற்காக அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். இன்று இரண்டு சொற்களும் ஒரே பொருளில் அருகருகே வாழ்கின்றன. தீப்பற்றாத பொருளைக் குறிக்க 'நான்ஃப்ளேமபிள்' என்று தனிச்சொல் இருக்கிறது.

உண்மையில் 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லில் பிழை எதுவும் இல்லை. லத்தீனில் 'இன்ஃப்ளம்மாரே' என்றால் தீ மூட்டுதல். அங்கே 'இன்' என்பதற்கு 'உள்ளே', 'மேலே' என்று பொருள். அதிலிருந்து ஆங்கிலத்துக்கு 'இன்ஃப்ளேம்' என்ற வினை வந்தது. அதே வேரிலிருந்து மருத்துவத்தின் 'இன்ஃப்ளமேஷன்' வந்தது. உடம்பின் ஒரு பகுதி சிவந்து, சூடேறி, வீங்கி எரியும் நிலை அது. தமிழ்க் கலைச்சொல்லாக்கியவர்கள் அதற்கு 'அழற்சி' என்று பெயரிட்டார்கள். அழல் என்றாலும் தீதான்.

ஒரே உருவம், இரண்டு வேர்

ஆங்கிலச் சொற்களின் முதலில் நிற்கும் 'இன்' இரண்டு வெவ்வேறு முன்னொட்டுகள். லத்தீனிலேயே அவை உருவத்தில் ஒன்றாகிவிட்டன, வேரில் ஒன்றல்ல. ஒன்று இடத்தையும் திசையையும் காட்டும் 'உள்' என்னும் 'இன்'. 'இன்க்ளூட்' என்றால் உள்ளடக்கு. 'இன்வேட்' என்றால் உட்புகுந்து தாக்கு. 'இன்ஸ்பையர்' என்பது மூச்சை உள்ளே ஊது என்ற பொருளில் தொடங்கிய சொல். மற்றொன்று மறுக்கும் 'இன்'. 'இன்கரெக்ட்', 'இன்விசிபிள்', 'இன்செக்யூர்' எல்லாம் இதன் பிள்ளைகள்.

உள்ளே என்பதையும் இல்லை என்பதையும் ஒரே ஒலி எப்படிச் சுமக்கும் என்று தமிழர் வியக்க வேண்டியதில்லை. 'அப்பா வீட்டில் இல்லை' என்று ஒரு குழந்தை வாசலில் நின்று சொல்கிறது. 'வீட்டில்' என்பதன் இறுதியிலுள்ள 'இல்' ஏழாம் வேற்றுமை உருபு. உள்ளே இருப்பதைச் சொல்வது. 'இல்லை' என்பதன் முதலிலுள்ள 'இல்' அதை மறுப்பது. இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றாலும் எந்தத் தமிழ்க் குழந்தையும் குழம்புவதில்லை. லத்தீனின் 'இன்'னுக்கும் தமிழின் 'இல்'லுக்கும் உறவு எதுவும் கிடையாது. இந்த ஒற்றுமை தற்செயலானது. ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சொல்லில் அந்த உறுப்பு எங்கே நிற்கிறது, எதோடு சேர்கிறது என்பதை வைத்துத்தான் நாம் பொருளைப் பிரிக்கிறோம். ஆங்கிலத்திலும் அதே வழி செல்லும்.

மறுக்கும் 'இன்' பெரும்பாலும் பெயரடையோடு சேரும். உள்ளே என்னும் 'இன்' பெரும்பாலும் வினையோடு சேரும். ஆகவே ஐயம் வரும்போது முதலில் சொல்லின் பின்னொட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 'இன்ஃப்ளேமபிள்' என்பதில் கடைசி 'ஏபிள்' போனால் 'இன்ஃப்ளேம்' என்ற வினை மிஞ்சுகிறது. அது அகராதியில் இருக்கிற, 'தீ மூட்டு' என்னும் பொருளுடைய சொல். எனவே முழுச்சொல்லின் பொருள் தீ மூட்டத்தக்கது. 'இன்க்ரெடிபிள்' என்பதில் பின்னொட்டைக் கழற்றினால் 'இன்க்ரெட்' என்று மிஞ்சும். அப்படி ஒரு வினை ஆங்கிலத்தில் இல்லை. 'க்ரெடிபிள்' என்ற பெயரடைதான் முதலில் உருவானது; 'இன்' பிறகு வந்து அதை மறுத்தது. உறுப்புகள் எந்த வரிசையில் சேர்ந்தன என்பதே பொருளைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சோதனைக்கு நல்ல தீனி 'இன்ஹேபிட்டபிள்'. 'இன்ஹேபிட்' என்றால் குடியிரு. ஆகவே இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் குடியிருக்கத் தக்க இடத்தைக் குறிக்கிறது. பிரெஞ்சில் இதே எழுத்துகள் கொண்ட சொல்லுக்குக் குடியிருக்கத் தகாத இடம் என்று பொருள். அங்கே மறுக்கும் 'இன்' 'ஹேபிட்டபிள்' என்ற பெயரடையோடு சேர்ந்தது. ஷேக்ஸ்பியர் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அந்த மறுப்புப் பொருளிலேயே இச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஆங்கிலம் பின்னாளில் குழப்பத்தைத் தவிர்க்க 'அன்இன்ஹேபிட்டபிள்' என்ற சொல்லை நிலைநிறுத்திக்கொண்டது.

செந்தமிழும் இம்பாசிபிளும்

மறுக்கும் முன்னொட்டு ஏன் ஓரிடத்தில் 'இம்', ஓரிடத்தில் 'இல்', ஓரிடத்தில் 'இர்' என்று உருமாறுகிறது? மாணவர்கள் இதை நான்கு தனி விதிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு செய்திதான் இங்கே உண்டு: பின்னால் வரும் ஒலிக்கு வாய் முன்கூட்டியே ஆயத்தமாகிறது.

தமிழில் 'செம்மை' என்ற பண்புப்பெயர் புணர்வதைப் பாருங்கள். தமிழோடு சேர்ந்தால் செந்தமிழ். கதிரோடு சேர்ந்தால் செங்கதிர். பருதியோடு சேர்ந்தால் செம்பருதி. ஈறு போன பிறகு மிஞ்சும் மெய், வருமொழியின் முதல் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்தாகிறது. நன்னூல் இதை 'முன்னின்ற மெய் திரிதல்' என்று சொல்லும். லத்தீனிலும் இதுவே நடந்தது. 'பாசிபிள்' என்பதன் பகரத்துக்கு உதடுகள் மூட வேண்டும். அதனால் முன்னால் நிற்கும் னகரமும் உதடு மூடிப் பிறக்கும் மகரமாகிறது. லகரத்தின் முன் லகரமாகவும், ரகரத்தின் முன் ரகரமாகவும் அது கரைந்துவிடுகிறது. ஆங்கிலம் இந்தச் சொற்களைப் புணர்ச்சி முடிந்த வடிவிலேயே கடன் வாங்கியது.

புணர்ச்சி ஒலியைச் சார்ந்தது, பொருளைச் சார்ந்ததன்று. ஆகவே உள்ளே என்னும் 'இன்'னும் அப்படியே திரிகிறது. இதை உணராதவர்களுக்குத்தான் பெரிய குழி காத்திருக்கிறது. 'இம்மார்ட்டல்' சாவில்லாதவர், 'இம்மிக்ரேட்' என்பது ஒரு நாட்டுக்குள் குடியேறுவது. 'இல்லீகல்' சட்டத்துக்குப் புறம்பானது, 'இல்லூமினேட்' ஒளியூட்டுவது. 'இர்ரெகுலர்' ஒழுங்கற்றது, 'இர்ரிகேட்' வயலுக்குள் நீர் பாய்ச்சுவது. ஒவ்வொரு இணையிலும் முதற்சொல் மறுக்கிறது, இரண்டாவது உள்ளே செலுத்துகிறது. இரண்டின் முகமும் ஒன்று.

ஆங்கிலத்திலேயே பிறந்த சொற்களில் எழுத்து மாறுவதில்லை. நாக்கு மட்டும் மாறுகிறது. 'இன்புட்' என்று எழுதுகிறார்கள். வேகமாகப் பேசும் ஆங்கிலேயர் வாயில் அது 'இம்புட்' என்று வருவதைக் கேட்கலாம்.

அஞ்ஞானமும் அக்னாஸ்டிக்கும்

1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் தம் மூன்றாவது ஆண்டு உரையை நிகழ்த்தினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று அதில் அவர் சொன்னார். அந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்த மொழியியலாளர்கள் மூலமொழியில் மறுப்பைக் குறித்த ஒரு சின்னஞ்சிறு னகர ஒலியை மீட்டுருவாக்கினார்கள். அது லத்தீனில் 'இன்' ஆனது; ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் 'அன்' ஆனது; கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் மெய்யெழுத்தின் முன் 'அ' என்றும் உயிரெழுத்தின் முன் 'அன்' என்றும் ஆனது.

வடமொழி இலக்கணம் இதற்கு 'நஞ்' என்று பெயர் வைத்திருக்கிறது. தமிழர்கள் நாள்தோறும் வாயில் புழங்கும் வடசொற்களில் இது நிறைய உண்டு. நீதிக்கு முன் 'அ' வந்து அநீதி. 'ஏக' என்ற உயிர்முதல் சொல்லுக்கு முன் 'அன்' வந்து அநேகம்; ஒன்றல்லாதது, அதாவது பல. 'அந்தம்' என்ற முடிவுக்கு முன் வந்து அனந்தம். லத்தீன்வழி ஆங்கிலச் சொல்லான 'இன்ஃபினிட்' என்பதும் உறுப்புக்கு உறுப்பு அதே பொருள்தான்: முடிவு இல்லாதது.

உறவின் நெருக்கத்தை ஒரே வேரைக் கொண்டு காட்டலாம். அறிதல் என்னும் பொருளுடைய வேர் சமஸ்கிருதத்தில் 'ஞா', கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'க்னோ', ஆங்கிலத்தில் 'நோ'. ஆங்கிலத்தில் இச்சொல்லை எழுதும்போது முதலில் 'கே' என்ற எழுத்து ஒலிக்காமல் நிற்பதை எல்லாரும் அறிவோம். பழைய ககர ஒலியின் தடம் அது. இந்த வேருக்கு முன் மறுப்பு முன்னொட்டைச் சேர்த்துப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் அஞ்ஞானம். லத்தீன்வழி வந்த ஆங்கிலத்தில் 'இக்னரன்ட்'. சொந்த ஆங்கிலத்தில் 'அன்னோன்'. கிரேக்க உறுப்புகளைக் கொண்டு தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1869இல் ஆக்கிய சொல் 'அக்னாஸ்டிக்'. கடவுள் உண்டா என்பது அறிய முடியாதது என்று கருதுபவர். நான்கிலும் முன்னொட்டு ஒன்று, வேர் ஒன்று.

அமிர்தம் என்ற வடசொல்லும் இப்படியே. 'மிருத' என்றால் இறந்தது; 'அமிருத' என்றால் சாவற்றது. அதன் லத்தீன் உடன்பிறப்பு 'இம்மார்ட்டல்'. கிரேக்க உடன்பிறப்பிலிருந்து தேவர்களின் உணவான 'அம்ப்ரோசியா' வந்தது. பாற்கடல் கடைந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு 'இம்மார்ட்டல்' என்ற சொல்லை இந்த வழியில் அறிமுகப்படுத்தினால் அது மறக்கவே மறக்காது.

மறுப்பு எதை மறுக்கிறது?

முன்னொட்டின் பொருள் தெரிந்தாலும் அது எதை மறுக்கிறது என்று கேட்டாக வேண்டும். 'வேல்யூவபிள்' என்றால் மதிப்புள்ளது, 'இன்வேல்யூவபிள்' மதிப்பற்றதா? இல்லை, மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது. தமிழில் 'விலைமதிப்பற்ற' என்று சொல்லும்போதும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறோம். 'அற்ற' என்பது அங்கே மதிப்பை மறுக்கவில்லை, மதிப்பிடும் முயற்சியை மறுக்கிறது.

'ஃபேமஸ்' புகழ்பெற்றவர், 'இன்ஃபேமஸ்' புகழ் பெறாதவர் அல்லர், பேர் கெட்டவர். நன்மதிப்பை இழந்த நிலைக்கு ரோமானியச் சட்டம் 'இன்ஃபாமியா' என்று பெயரிட்டிருந்தது. கிளாடியேட்டர்களும் நடிகர்களும் அந்த இழிநிலையில் வைக்கப்பட்டார்கள். 1941 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் முத்துத் துறைமுகம் (பேர்ல் ஹார்பர்) தாக்கப்பட்டது. மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ரூஸ்வெல்ட் அந்த நாளைக் குறிக்கத் தேர்ந்தெடுத்த 'இன்ஃபமி' இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

புகழைக் குறிக்கும் 'ஃபாமா' என்ற லத்தீன் சொல், பேசுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. நாலு பேர் பேசுவதுதானே புகழ். அந்த வேரோடு மறுப்பு சேர்ந்து 'இன்ஃபன்ட்' பிறந்தது: பேசாதது, அதாவது கைக்குழந்தை. சொல் குழந்தையிலிருந்து சிறுவனுக்கும், இளைஞனுக்கும் நகர்ந்தது. இத்தாலியத்தில் குதிரை ஏறாமல் நடந்து சண்டையிடும் இளம் வீரனைக் குறித்தது. அங்கிருந்து 'இன்ஃபன்ட்ரி' என்ற காலாட்படை வந்தது.

'இன்னசன்ட்' என்பதை அப்பாவி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 'நோசேரே' என்றால் தீங்கு செய்தல். தீங்கு செய்யாதவர் என்பது அதன் நேர்ப்பொருள். 'இன்டிவிஜுவல்' பிரிக்க முடியாதது. கிரேக்கத்தில் வெட்ட முடியாதது என்ற பொருளில் 'அடோமோஸ்' என்றார்கள், அதை லத்தீனில் சொல்ல 'இன்டிவிடுவும்' என்ற சொல்லைக் கையாண்டவர் சிசரோ. இன்று ஒன்று தனிமனிதரையும் மற்றொன்று அணுவையும் குறிக்கிறது.

கொரோனாக் காலத்தில் ஊரெங்கும் ஒலித்த 'இம்யூனிட்டி'யும் இந்த வீட்டுப் பிள்ளைதான். லத்தீனில் 'மூனஸ்' என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, பணி. அதிலிருந்து விலக்குப் பெற்றவர் 'இம்மூனிஸ்'. தூதர்களுக்கு வழங்கப்படும் சட்ட விலக்கைக் குறிக்கும் 'இம்யூனிட்டி' இந்தப் பழைய பொருளை இன்றும் வைத்திருக்கிறது. நோயிலிருந்து விலக்கு என்ற மருத்துவப் பொருள் பின்னாளில் பெருகியது. கடமையைச் சேர்ந்து சுமப்பவர்கள் 'கம்யூனிட்டி'. கடமையை ஏற்பது என்ற பொருளில் வந்தது 'முனிசிபாலிட்டி'. மூன்று சொற்களும் தமிழ்நாட்டுத் தெருவில் அன்றாடம் புழங்குபவை. மூன்றுக்கும் வேர் ஒன்று என்பது வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

அன்னா, இன்னா?

சொந்த ஆங்கில 'அன்'னும் கடன் வாங்கிய 'இன்'னும் ஒரே வேலைக்குப் போட்டியிடுகின்றன. 'அன்ஜஸ்ட்' என்பது பெயரடை, பெயர்ச்சொல்லோ 'இன்ஜஸ்டிஸ்'. 'அன்ஏபிள்' பக்கத்தில் 'இன்எபிலிட்டி'. 'அன்ஸ்டேபிள்' பக்கத்தில் 'இன்ஸ்டெபிலிட்டி'. 'அன்ஈக்வல்' பக்கத்தில் 'இன்ஈக்வாலிட்டி'. பெயர்ச்சொற்கள் லத்தீன் வடிவிலேயே முழுமையாக வந்து சேர்ந்தன. பெயரடைகள் ஆங்கிலத்தின் வாயில் புழங்கிப் புழங்கிச் சொந்த முன்னொட்டை ஏற்றன. மாணவர்கள் தவறு செய்யும் இடம் இது. அமெரிக்க விடுதலைச் சாற்றுரையை எழுதியவர்களே இதில் ஒன்றுபடவில்லை: 1776இல் ஜெஃபர்சன் தம் வரைவில் 'இன்ஏலியனபிள்' என்று எழுதினார், கையொப்பமான இறுதிப் படியில் 'அன்ஏலியனபிள்' என்று இருக்கிறது. பறிக்க முடியாத உரிமைகள் என்ற பொருள் மாறவில்லை.

'அன்'னிலும் இரண்டு உண்டு. 'அன்கைண்ட்' என்பதில் மறுப்பு. 'அன்டை' என்பதில் கட்டியதை அவிழ்த்தல். இவையும் வேரில் வேறானவை. அதனால் 'அன்லாக்கபிள்' என்ற சொல்லுக்குப் பூட்ட முடியாதது என்றும், பூட்டைத் திறக்கக் கூடியது என்றும் இரு பொருளும் கொள்ளலாம். எந்த உறுப்பு முதலில் சேர்ந்தது என்ற அதே கேள்வி இங்கும் தீர்ப்புச் சொல்கிறது.

பின்னால் மறுக்கும் மொழியிலிருந்து

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். திராவிட வினைகளுக்கு எதிர்மறை வடிவம் தனியே உண்டு என்பதை அவர் சிறப்பாகக் குறித்தார். வாரான், செய்யாள், படிக்காத, சொல்லாமல் என்று தமிழ் மறுப்பை வேருக்குப் பின்னால் வைக்கிறது. 'முதுகெலும்பற்றவை' என்று நாம் பின்னால் சொல்வதை ஆங்கிலம் 'இன்வெர்டிப்ரேட்' என்று முன்னாலேயே அறிவித்துவிடுகிறது. சொல்லின் கடைசியில் பொருளைத் தேடிப் பழகிய மாணவர், ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகளைக் கவனிக்காமல் விடுவது இயல்பு. அதைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் பயனில்லை. இரண்டு மொழிகளும் எதிரெதிர் முனையில் மறுக்கின்றன என்று ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பாடவேளையில் இதைச் செய்து பார்க்கலாம். பத்துச் சொற்களைப் பலகையில் எழுதலாம்: இன்கம், இன்கரெக்ட், இம்போர்ட், இம்பொலைட், இல்லிட்டரேட், இல்லூமினேட், இர்ரிகேட், இர்ரெஸ்பான்சிபிள், இன்ஃப்ளேமபிள், இன்ச். 'வீட்டில்' என்று ஒரு பக்கம், 'இல்லை' என்று மறுபக்கம் தலைப்பிட்டு, எந்தச் சொல் எங்கே சேரும் என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லலாம். பின்னொட்டைக் கழற்றும் சோதனையை அவர்களே 'இன்ஃப்ளேமபிள்' மீது நடத்தட்டும். 'இன்ச்' எந்தப் பக்கமும் சேராது. அது பன்னிரண்டில் ஒரு பங்கு என்னும் 'உன்சியா' என்ற லத்தீன் சொல்லின் திரிபு, அதில் முன்னொட்டே கிடையாது. அதை எங்கே வைப்பது என்று வகுப்பில் வாக்குவாதம் எழும்போது, அகராதியை எடுத்து வரச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டும். பாடம் அங்கேதான் சூடு பிடிக்கும்.